பத்துக் குடம்

ஊரை வேடிக்கை பார்ப்பதைச் சிலர் ஒரு உத்தியோகமாகவே வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறினால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா வர அவர்களால் ஆகாது. யார் யாருக்கு இடம் கொடுத்தார்கள், யார் அடுத்தவர் போனை எட்டிப் பார்த்தார்கள், எந்தப் பெரியவர் தூங்கி யார் தோளில் விழுந்தார் என்று பொறுக்கிச் சேர்த்து, மதியச் சாப்பாட்டுக்குள் நாலு வரி எழுதி உலகத்துக்குக் காட்டிவிட வேண்டும். ஆஷா அந்த ரகம்.

வலியசாலையில் அப்பா சேஷன், அம்மா வாலாம்பாளோடு இருந்தாள். வேலை கழக்கூட்டத்து ஐ.டி. பார்க்கில், பதினோரு வருஷமாக. வீட்டு வாசலில் கார் நின்றது. ஆனால் காரில் போனால் எழுத என்ன கிடைக்கும், முன்னால் போகிற காரின் பின்பக்கத்தைத் தவிர? அதனால் காலை ஏழு நாற்பதுக்குக் கிழக்கேகோட்டையிலிருந்து கிளம்பும் பஸ்ஸில்தான் போவாள். ஃபேஸ்புக்கில் அவள் நடத்திய பக்கத்துக்கும் அதே பெயர்: 'ஏழு நாற்பதின்றெ வண்டி'. எழுதுவது மலையாளத்தில். பதினெட்டாயிரம் பேர் படித்தார்கள்.

நன்றாகவே எழுதுவாள், அதில் குறை சொல்ல முடியாது. மடியில் சீலிங் ஃபேனை வைத்துக்கொண்டு, அது இடித்தவர்களிடமெல்லாம் பட்டம் ஸ்டாப் வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்த மனிதரைப் பற்றி எழுதினாள். வழியில் வரும் கோயில், பள்ளிவாசல், சர்ச் ஒன்று விடாமல் கும்பிட்டு வந்து, பழக்கதோஷத்தில் ஒரு நகைக்கடையையும் கும்பிட்டுவிட்ட டீச்சரைப் பற்றி எழுதினாள். படித்தவர்கள் சிரித்தார்கள். 'இது எங்கள் அம்மாவேதான்' என்று கீழே எழுதினார்கள். அந்தச் சிரிப்பு ஆஷாவுக்குக் காலைக் காப்பி மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் கிடைக்காவிட்டால் தலையை வலிக்கும்.

தமிழ் அவளுக்கு வீட்டோடு சரி. ஐந்தாம் வகுப்பில் வயிற்று வலி வந்தபோது, வாய் தவறி, "ஆத்துக்குப் போணும் டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் அர்த்தம். மலையாளக் காதுகளில் அது ஆற்றுக்குப் போவதாக விழுந்தது. வகுப்பே, "பாண்டிக்கு ஆற்றில் போகணும்" என்று ஒரு வாரம் பாடியது. தமிழர்களுக்கு அங்கே பாண்டி என்று கேலிப் பெயர். அன்றைக்கு அழுத அழுகையோடு நாக்கைத் திருத்திக்கொண்டாள். இப்போதெல்லாம் அவள் தமிழ் வீட்டுப் பெண் என்பதைத் தெரிந்தவர்கள்கூட மறந்துபோகும்படி பேசினாள். பஸ்ஸில் யாராவது தமிழில் வழி கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வாரம் நகரத்தில் பாதி இடங்களில் குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கோ பெரிய குழாய் ஒன்று உடைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை பஸ் நகரத் தொடங்கிய பிறகு ஒருத்தி ஓடி வந்து ஏறினாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. கையில் பச்சையும் ஆரஞ்சுமாகப் பின்னிய வயர் கூடை. அறுந்த கைப்பிடியை நீல ரிப்பனால் கட்டியிருந்தாள். அவள் பெயர் ஜெபமலர் என்பதோ, எல்லை தாண்டிக் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது என்பதோ, கணவன் பிச்சைக்கனி கட்டட வேலைக்குப் போகிறான் என்பதோ அப்போது ஆஷாவுக்குத் தெரியாது. தினமும் கழக்கூட்டம் வரை வரும் ஒரு தமிழ்க்காரி, அவ்வளவுதான். வந்தவள் ஆஷாவின் பக்கத்து சீட்டில் மூச்சிரைக்க உட்கார்ந்தாள்.

கண்டக்டர் சுவாமிதாஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. "எந்தா சேச்சீ, இன்னு லேட்டாயோ?" என்றார்.

"ஒண்ணும் கேக்காதிய சாரே. வெள்ளம் அடிச்சிட்டு வாறேன். அதாக்கும் லேட்டு."

கருங்கல் பக்கத்துத் தமிழில் வெள்ளம் என்றால் தண்ணீர். அடிபம்பில் தண்ணீர் அடித்துவிட்டு வருகிறேன் என்கிறாள். மலையாளத்திலும் வெள்ளம் தண்ணீர்தான். ஆனால் அங்கே வெள்ளமடி என்றால் குடி. நம் ஊரில் தண்ணி அடிப்பது மாதிரியேதான்.

சுவாமிதாஸ் டிக்கெட் மெஷினோடு அப்படியே நின்றுவிட்டார். "ராவிலெ தன்னெயோ?" என்றார், காலையிலேயேவா என்று கண்ணை அகல விரித்து.

"காலம்பறதான் சாரே அடிக்க முடியும். பொறவு ஆம்பிளயளும் வந்து வரிசைல நிப்பாவ. பாருங்க, கை நிக்கவே மாட்டேங்கு." நீட்டிக் காட்டிய கை நிஜமாகவே நடுங்கியது. வாங்கிய டிக்கெட் நழுவிக் கீழே விழுந்தது.

பஸ்ஸின் முன்பாதி சிரித்தது. தன் கஷ்டத்தைக் கேட்டு இத்தனை பேர் சிநேகமாகிவிட்டார்களே என்று நினைத்தாள் போலிருக்கிறது, ஜெபமலரும் கூடச் சேர்ந்து சிரித்தாள். "ஒரு நாள் அடிக்கலன்னா எங்க வீட்டுல ஒரு காரியமும் நடக்காது சாரே" என்றாள். சிரிப்பு பின்பாதிக்கும் போனது.

சிரிப்பு அடங்கும்போது அவள் குழந்தையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டு, ஆஷாவின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பத்து கொடமாக்கும். ஏழு வீட்டுக்கு ஒத்தப் பம்பு."

ஆஷா புன்னகை செய்தாள். தலையைக்கூட ஆட்டினாள். அதற்குள் மனதில் முதல் வரி வந்துவிட்டது.

பதினொன்றரை மணிக்கு அது ஃபேஸ்புக்கில் ஏறியது. 'இன்று என் பக்கத்து சீட்டில் ஒரு அக்கா' என்று ஆரம்பித்து, கண்டக்டரின் கேள்வி, அக்காவின் பதில், நடுங்கிய கை, விழுந்த டிக்கெட், இடுப்புக் குழந்தை, 'ஒரு நாள் அடிக்கலன்னா ஒரு காரியமும் நடக்காது' என்ற வாக்குமூலம் எல்லாம் இருந்தது. அடிபம்பு இல்லை. பத்துக் குடம் இல்லை. கூடவே ஒரு படம்: இறங்குவதற்காகப் படிக்கட்டுப் பக்கம் நிற்கிற ஒருத்தியின் முதுகு, பின்னல், அந்தப் பச்சை ஆரஞ்சுக் கூடை. முகம் இல்லை. முகம் இல்லாமல் எடுப்பதில் ஆஷா எப்போதும் கவனமாக இருப்பாள். அது தன் நாகரிகம் என்று நினைத்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் நாலாயிரம் பேருக்கு மேல் சிரித்திருந்தார்கள். ஒரு செய்தித் தளம் எடுத்துப் போட அனுமதி கேட்டது. அவள் உடனே கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். வாலாம்பாள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அடிபம்புல ஜலம் அடிச்சுட்டு வந்திருக்கா, பாவம். அதைத்தானேடி சொன்னா?"

"தெரியும்மா. அதை எழுதினா யார் சிரிப்பா?"

வாலாம்பாளின் கை நின்றது. "அப்போ நாலு பேர் சிரிக்கறதுக்காக ஒருத்தியைக் குடிகாரியாக்கிட்டே."

"பேர் போடலை, மூஞ்சியைக் காட்டலை. யாருக்கு என்ன தெரியப்போறது?"

அம்மா கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மாவுக்கு எதிலும் ரசனை போதாது என்று ஆஷா நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் கேன்டீனில் பிஜி அவளைத் தேடி வந்து உட்கார்ந்தாள். அடுத்த டீமில் இருப்பவள், ஆஷாவின் பக்கத்தை விடாமல் படிப்பவள், இரண்டு வயதுப் பையனுக்கு அம்மா. வந்ததும் வராததுமாக ஆஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு எப்படி தேங்க்ஸ் சொல்றதுன்னே தெரியலை எடீ" என்று மலையாளத்தில் சொன்னாள். "அந்தக் குடிகாரி யார் தெரியுமா? என் பையன் போற டே-கேர்ல ஆயா! கூடையைப் பார்த்ததுமே எனக்குத் திக்குன்னுது. தினம் வாசல்ல பார்க்கிற கூடை. பேரன்ட்ஸ் குரூப்ல உன் போஸ்ட்டைப் போட்டேன். எல்லாரும் சேர்ந்து கம்ப்ளெயின்ட் பண்ணினோம். அன்னைக்கே நிறுத்திட்டாங்க. கைக்குழந்தைகளைத் தூக்கிற கை அது. நினைச்சாலே நடுங்குது."

ஆஷா பரோட்டாவைத் தட்டில் வைத்தாள். "பிஜி, ஒருவேளை அவ தண்ணி பிடிச்சதைச் சொல்லியிருக்கலாம். பம்புல" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான் கேள்வி. எனக்குத் தமிழ் தெரியும், அவள் சொன்னது எனக்குப் புரிந்தது, புரிந்தும் இப்படி எழுதினேன் என்று மூன்று துண்டாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆஷாவுக்கு அந்த மூன்றில் ஒன்றும் வாயில் வரவில்லை. "சும்மா தோணிச்சு" என்றாள்.

"நீ ரொம்ப இளகின மனசுக்காரி" என்று பிஜி அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மத்தியானம் ஆஷா பதிவை அழித்தாள். செய்தித் தளத்தில் அது அப்படியே இருந்தது. அங்கே கீழே யாரோ, 'இந்தத் தமிழ் அண்ணாச்சிக் கூட்டத்தை நம்பிப் பிள்ளைகளை விடுகிறவர்களைச் சொல்ல வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் முன்னூறு பேர் கைதட்டியிருந்தார்கள். அவள் அதை இரண்டு முறை படித்தாள். ஆனால் அதைப் படித்த பிறகும் ஒரு மனுஷி வேலை பார்க்கலாம், சாப்பிடலாம், சனி ஞாயிறு தூங்கவும் செய்யலாம். ஆஷா அதெல்லாம் செய்தாள்.

அடுத்த புதன்கிழமை ஏழு நாற்பது பஸ்ஸில் ஜெபமலர் ஏறினாள். இடுப்பில் குழந்தை, கையில் அதே கூடை. எத்தனையோ சீட் காலியாக இருக்க, நேரே வந்து ஆஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆஷா போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். சுவாமிதாஸ் டிக்கெட் கொடுத்துவிட்டு, இந்த முறை ஒன்றும் கேட்காமல் நகர்ந்துவிட்டார்.

பாளையம் தாண்டியதும் ஜெபமலர் வாயைத் திறந்தாள். தமிழையே கொஞ்சம் மூக்கால் இழுத்தால் மலையாளமாகிவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

"சேச்சீ, ஒரு உபகாரம் செய்யாமோ? எனக்கு மலையாளம் எழுத அறியில்ல. ஒரு லெட்டர் எழுதணும். நான் வேல பாத்த டே-கேர்ல ஷாஜி சார்னு ஒராளு. அவருக்க எடமாக்கும். நேர்ல போனா கேட்டுக்கு உள்ள விட மாட்டேங்காவ."

"எந்தா காரியம்?" என்று கேட்டாள் ஆஷா, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி. குரல் அவளுக்கே கேவலமாக இருந்தது.

ஜெபமலர் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். அங்கே சமையலுக்கு நிற்கிற கௌசல்யாதான் அந்த ஃபேஸ்புக் எழுத்தை வாசித்துக் காட்டினாளாம். "வெள்ளம் அடிச்சேன்னா இங்க வேற அர்த்தமாம். நான் கண்டனா? எனக்க மாப்பிள கூட சாராயம் தொடமாட்டாரு சேச்சீ. அங்கன்னா இந்தப் பிள்ளயையும் கூட வச்சுக்கிடலாம். வேற எங்க வேலைக்குக் கேட்டாலும் பிள்ளய விட்டுட்டு வான்னு சொல்லுதாவ. யாருகிட்ட விட்டுட்டுப் போவ?"

ஆஷா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கேசவதாசபுரம் சிக்னலில் பஸ் நின்றது.

"எழுதினது நீங்கன்னு எனக்குத் தெரியும் சேச்சீ" என்றாள் ஜெபமலர். அதையும் அதே குரலில்தான் சொன்னாள். "பக்கத்து சீட்டுன்னு போட்டிருக்குல்லா. நான் சண்டைக்கு வரல. நீங்க மலையாளத்துக்காரி. உங்க காதுல அது அப்டித்தான் விழும். பொறவு நான் சொன்னதும் இந்த பஸ் சத்தத்துல கேட்டிருக்காது. கேட்டாலும் புரிஞ்சிருக்காது. தெரியாம செஞ்சதுக்கு என்ன சொல்லுது? அதான், நீங்களே எழுதித் தந்தா நல்லதுன்னு வந்தேன்."

வைதிருந்தால் தாங்கியிருக்கலாம். இப்படி ஒரு மன்னிப்பை யாரோ தட்டில் வைத்து நீட்டியதும் ஆஷாவின் காது இரண்டும் சுட்டது. ஆனால் அதை எடுத்துக்கொண்டாள். தெரியாமல் செய்தவள் என்ற அந்த இடம் வசதியாக இருந்தது. "ஸாரி" என்றாள். "பேப்பர் உண்டோ?"

கூடையிலிருந்து ஒரு நோட்டும் பேனாவும் வந்தன. ஆஷா மடியில் பையை வைத்து, அதன்மேல் நோட்டை வைத்து எழுதினாள். இதுவரை எழுதியதிலேயே இதுதான் நன்றாக வர வேண்டும் என்று நினைத்தாள். பஸ் குலுங்கும்போது நிறுத்தி, நின்றபோது எழுதி, ஸ்ரீகாரியம் தாண்டி ஒரு பக்கம் முடித்தாள். மரியாதையான, தெளிவான, படித்தால் கண் கலங்குகிற மலையாளம். எழுதி முடித்ததும் மனது கொஞ்சம் லேசானதுபோல்கூட இருந்தது.

"ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்க சேச்சீ. எழுதத்தான் தெரியாது, கேட்டா புரியும்."

ஆஷா வாசித்தாள். மதிப்புக்குரிய ஷாஜி சார் அவர்களுக்கு. குழாயில் தண்ணீர் வராத அந்த வாரம், ஏழு வீடுகளுக்குப் பொதுவான ஒரே அடிபம்பில், விடியற்காலையில் எழுந்து பத்துக் குடம் தண்ணீர் அடித்துவிட்டு வந்ததைத்தான் நான் பஸ்ஸில் சொன்னேன்...

"நில்லுங்க."

ஆஷா நிறுத்தினாள்.

"பத்து கொடம்னு நான் இப்ப சொல்லல்லியே."

பஸ் காரியவட்டத்தில் நின்று ஆட்களை இறக்கியது. கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஜெபமலர் அவர்கள் இறங்கி முடியும்வரை காத்திருந்தாள். பிறகு ஆஷாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். இழுத்துப் பேசிய மலையாளம் அவள் குரலில் இப்போது துளியும் இல்லை.

"ஏழு வீடுன்னும் சொல்லல. அன்னைக்குச் சொன்னேன். உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். நீங்க சிரிச்சிய, தலைய ஆட்டினிய. அப்போ கேட்டிருக்கு. புரிஞ்சும் இருக்கு." குழந்தையை மடியில் சரிப்படுத்தி உட்கார வைத்தாள். "உங்களுக்குத் தமிழ் தெரியும், இல்லியா அக்கா?"

சேச்சி போய் அக்கா வந்தது. ஆஷாவை வீட்டுக்கு வெளியே யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"கீழ உங்க பேர எழுதுங்க" என்றாள் ஜெபமலர். "பக்கத்துல இருந்தேன், பத்து கொடம்னு இவ சொன்னத நானே கேட்டேன்னு ஒரு வரி எழுதி ஒப்பு போடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாவ. நீங்க சொன்னா நம்புவாவ. அது போதும். வேற ஒண்ணும் கேக்கல."

பேனா ஆஷாவின் கையில்தான் இருந்தது. ஒரு வரி, ஒரு கையெழுத்து. கழக்கூட்டத்துக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. அந்த ஐந்து நிமிஷமும் அவள் அந்தக் காகிதம் போகப்போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாஜி பார்ப்பான். பிஜி பார்ப்பாள். யாராவது போட்டோ எடுப்பார்கள். கேட்டும், புரிந்தும், தெரிந்தே எழுதினாள் என்று பதினெட்டாயிரம் பேரும் படிப்பார்கள், சிரித்தவர்களே முதல் ஆளாகக் காறித் துப்புவார்கள். ஐந்தாம் வகுப்பு இன்னொரு முறை, இந்தத் தடவை ஊர் முழுக்க. ஒருத்தியின் பிழைப்பு மடியில் காகிதமாகக் கிடக்க, அவள் பயந்தது தன் பெயருக்கு.

பஸ் ஃப்ளைஓவருக்குக் கீழே திரும்பியது. ஆஷா நோட்டை மூடி, பேனாவை அதன்மேல் வைத்து, கூடைக்குள் வைத்தாள். எழுந்து நின்றாள்.

"எனிக்கு எறங்ஙணம்" என்றாள்.

மலையாளத்தில் சொன்னாள். ஜெபமலர் முழங்காலை ஒதுக்கி, குழந்தையையும் ஒதுக்கி வழிவிட்டாள்.

மறுநாளிலிருந்து ஆஷா எட்டு ஐந்து பஸ்ஸில் போனாள். பக்கத்தின் பெயரை மாற்றவில்லை. அந்தப் பெயர்தான் எல்லாருக்கும் பழகியிருந்தது. இரண்டு நாள் கழித்து, மழைக்கோட்டை நாய்க்குப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டு வந்த ஒருவரைப் பற்றி எழுதினாள். நல்ல வரவேற்பு.

திங்கட்கிழமை கேன்டீனில் பிஜி வந்து எதிரில் உட்கார்ந்தாள். "இதைப் பாரேன்" என்று போனை நீட்டினாள். பேரன்ட்ஸ் குரூப்பில் யாரோ போட்டிருந்த படம். கோடு போட்ட நோட்டுத்தாள். பஸ் குலுங்கிய இடங்களில் எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது.

"அந்த ஆயா கொண்டுவந்து கொடுத்தாளாம். தண்ணி அடிபம்புல அடிச்சதாம், பத்துக் குடமாம். என்ன கதை பாரு! இவளுக்கு 'ஸ்தலம்'னு சொல்லவே நாக்கு வராது, இந்த மலையாளத்தை இவ எழுதினாளா? யாரோ நல்லாப் படிச்சவங்களைப் பிடிச்சு எழுதி வாங்கியிருக்கா. யாருன்னு கீழே ஒரு பேர்கூட இல்லை. உண்மைன்னா எழுதினவங்க பேர் போட்டிருக்க மாட்டாங்களா? ஷாஜி சாருக்கு முதல்ல கொஞ்சம் இரக்கம் வந்ததாம். இதைப் பார்த்ததும் அதுவும் போச்சு. வேற ஆள் போட்டாச்சு."

ஆஷா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆபீஸில் யாரும் கையால் எழுதுவதில்லை. பதினோரு வருஷத்தில் அவள் கையெழுத்தை அங்கே ஒருவரும் பார்த்ததில்லை.

"ஆனா ஒண்ணு சொல்லணும்" என்று பிஜி போனைத் தன் பக்கம் திருப்பி, விரலால் பெரிதாக்கினாள். "நல்ல கையெழுத்து, அல்லே?"

"அதே" என்றாள் ஆஷா, ஆமாம் என்று தலையை ஆட்டி.